ஹாங்காங்கில் கால் நீட்ட எத்தனை அடி?

ஹாங்காங் போய் வந்தேன்.

வீட்டில் நுழைந்ததும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள்.

"கட்டிடமெல்லாம் எத்தனை மாடி?" என்றான் தம்பி.

"எங்களுக்கு என்ன வாங்கி வந்தீர்கள்?" என்றாள் மனைவி.

"அங்கே பாம்புக் கறி தின்கிறார்களாமே, நிஜமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். (நிஜம்தான். குளிர்காலத்தில் பாம்பு சூப் விற்கும் கடைகள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை.)

என் தாயார் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்.

"ராத்திரி எங்கேப்பா படுத்தே?"

மற்றவர்களுக்கெல்லாம் உடனே பதில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் வெகு நேரம் ஆயிற்று. ஒரு பட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மாடிக் கணக்கெல்லாம் அப்புறம்!

கையை விரித்தால் சுவர்

நான் தங்கியது சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற கட்டிடத்தில். நாதன் ரோடு என்ற பெரிய கடைவீதியில் இருக்கிறது. 1961-ம் ஆண்டு கட்டியது. 17 மாடி.

கீழே பணம் மாற்றும் கடைகள், செல்போன் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். மேலே சின்னச் சின்ன விடுதிகள். இந்தியர், பாகிஸ்தானியர், நேபாளத்தார், ஆப்பிரிக்கர் என்று எல்லா நாட்டாரும் அங்கே இருக்கிறார்கள்.

என் அறையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கையையும் விரித்தேன். இரண்டு பக்கமும் சுவர் தட்டியது. கட்டில் போட்டது போக, நிற்பதற்கு ஒன்றரை அடி இடம். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் கட்டிலின் மேல் ஏறி உட்கார வேண்டும். கழிப்பிடத்துக்கு நேர் மேலே குளிக்கும் குழாய். நாம் குளித்தால் அதுவும் சேர்ந்து குளிக்கும்!

லிப்டுக்கு வரிசை. ஒற்றைப்படை மாடிக்கு ஒரு லிப்ட், இரட்டைப்படை மாடிக்கு ஒரு லிப்ட். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் பின்னால் இருந்து தமிழ் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். 60 வயது மதிக்கத்தக்க ஒருவர். காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரார் பலர் ரத்தினக் கல் வியாபாரத்துக்காக ஹாங்காங்கில் போய்க் குடியேறியவர்கள். இவரும் அப்படிப் போனவர்தான். கூட இருந்த வாலிபர்கள் அவரைக் "காக்கா" என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அறை எப்படி இருக்கு தம்பி?" என்றார்.

"பெட்டி மாதிரி இருக்கிறது, காக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். "இதைப் போய்ப் பெட்டின்னு சொல்றீங்களே! இந்த ஊர்ல இது பெரிய அறை. முதல்ல ஊரைச் சுத்திப் பாருங்க. அப்புறம் வாங்க, பெட்டின்னா என்னன்னு நான் காட்டறேன்."

ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

எல்லோருக்கும் ஒரே படகு

ஹாங்காங் இரண்டு கரை உள்ள பட்டணம். ஒரு பக்கம் தீவு. எதிர்ப் பக்கம் கவுலூன். நடுவே கடல். கடலுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. மோட்டார் போகச் சுரங்கப் பாதையும் இருக்கிறது. ஆனாலும் ஸ்டார் பெரி என்ற பழைய படகு இன்னும் போய் வந்து கொண்டிருக்கிறது.

இந்தப் படகுக் கம்பெனியை 1888-ம் ஆண்டு தொடங்கியவர் யார் தெரியுமா? பம்பாயில் இருந்து போன பார்சிக்காரர்! டோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்பது அவர் பெயர். ஒவ்வொரு படகுக்கும் ஒரு நட்சத்திரப் பெயர். காலை நட்சத்திரம், வான நட்சத்திரம், இப்படி. மரப் பெஞ்சின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளலாம். படகு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து கொள்ளலாம்.

அந்த ஊரில் ஒரு கோப்பை டீக்குக் கொடுக்கும் காசைவிடப் படகுக் கட்டணம் குறைவு.

1966-ம் ஆண்டு மேல் தட்டுக் கட்டணத்தை 5 சென்ட் உயர்த்தினார்கள். வெறும் 5 சென்ட்! அதுவும் வசதி உள்ளவர்கள் உட்காரும் மேல் தட்டுக்கு மட்டும். சோ சௌசுங் என்ற வாலிபர் படகுத் துறையில் உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார். அவரைப் போலீசார் கைது செய்தனர். ஊரே கொதித்து எழுந்தது. கலகம் மூண்டு, ஊரடங்குச் சட்டம் போடும் அளவுக்குப் போயிற்று.

படகு தங்களுடையது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதில் கை வைத்தால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

டிராமும் அப்படித்தான். 1904-ம் ஆண்டில் இருந்து ஓடுகிறது. இரண்டு அடுக்கு. பின் பக்கம் ஏற வேண்டும். இறங்கும்போது முன் பக்கம் காசு போட வேண்டும். ஒரு நிறுத்தம் போனாலும் கடைசி வரை போனாலும் ஒரே கட்டணம். நம் பணத்தில் 35 ரூபாய் சொச்சம். மீன் கூடை வைத்திருக்கும் கிழவியும், கழுத்தில் டை கட்டிய வங்கி அதிகாரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்ததை நான் பார்த்தேன். (சென்னையிலும் டிராம் ஓடியது. 1953-ல் நிறுத்தி விட்டோம்.)

இன்னொரு விந்தையும் உண்டு. தீவில் உள்ள மலைச் சரிவில் சுமார் 800 மீட்டர் தூரத்துக்கு நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். 1993-ல் போட்டது. காலை 6 மணி முதல் 10 மணி வரை அது கீழே இறங்குகிறது, வேலைக்குப் போகிறவர்களுக்காக. அதற்குப் பிறகு நள்ளிரவு வரை மேலே ஏறுகிறது, வீடு திரும்புகிறவர்களுக்காக. காசு கிடையாது.

இதையெல்லாம் பார்த்து நான் அசந்து போனேன். பட்டணம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

துரைமார் மலை

மறுநாள் அங்கே உள்ள மலைக்குப் போனேன். 552 மீட்டர் உயரம். செங்குத்தான சரிவில் கயிறு கட்டி இழுக்கும் ரயில் அங்கே போகிறது. அதுவும் 1888-ல் தொடங்கியதுதான். கவர்னர் துரைக்கு என்று முன்னால் இரண்டு இடத்தை ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். புறப்படும் நேரம் நெருங்கும் வரை அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது.

அது மட்டும் அல்ல. 1904-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். அந்த மலையில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது! வேலைக்காரர்கள் இருக்கலாம். சமையல் செய்யலாம், துணி துவைக்கலாம், பல்லக்குத் தூக்கலாம். ஆனால் வீடு எடுத்துக் குடியிருக்க வேண்டுமானால் கவர்னர் அனுமதி வேண்டும். சொந்த ஊர், சொந்த மலை. ஆனாலும் அவர்களுக்கு இடம் இல்லை.

1946-ல்தான் இந்தச் சட்டத்தை நீக்கினார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் அங்கே வீடு வாங்கலாம். வாங்கத்தான் முடியாது. உலகத்திலேயே விலை அதிகமான வீடுகளில் சில அந்த மலையில் இருக்கின்றன. சட்டம் எழுந்து போனது. அது இருந்த நாற்காலியில் விலை வந்து உட்கார்ந்து கொண்டது.

இரவில் அங்கே நின்று கீழே பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. ஆயிரம் ஆயிரம் விளக்குகள். வானத்து நட்சத்திரமெல்லாம் கீழே கொட்டியது போல இருக்கிறது. என் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "ஆகா!" என்று வாய் விட்டுச் சொன்னாள். நானும் சொன்னேன்.

ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்ற யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

தீயில் பிறந்த வீடு

காக்கா என்னை ஷெக் கிப் மெய் என்ற பகுதிக்கு அழைத்துப் போனார். "இங்கே இருந்துதான் தொடங்கணும்" என்றார்.

1949-ஐ ஒட்டி சீனாவில் இருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் ஹாங்காங்குக்கு ஓடி வந்தார்கள். மலைச் சரிவுகளில் குடிசை போட்டார்கள். 1953-ம் ஆண்டு, கிறிஸ்துமஸ் இரவு. ஷெக் கிப் மெய் குடிசைகளில் தீப் பிடித்தது. ஒரே இரவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள்.

சர்க்கார் அதுவரை குடிசைவாசிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட்டது கிடையாது. இப்போது வேறு வழி இல்லை. மறு ஆண்டே அடுக்கு மாடிக் கட்டிடங்களைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு அறைக்கு 120 சதுர அடி. அதில் 5 பேர். தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் பொது. சமையல், அறைக்கு வெளியே நடைபாதையில்.

கேட்கப் பரிதாபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் குடிசையில் நனைந்தவர்களுக்கு அது கூரை. அந்த முதல் கட்டிடங்களில் ஒன்றான மெய் ஹோ ஹவுஸ் இன்னும் இருக்கிறது. இப்போது வாலிபர் விடுதியாகவும் கண்காட்சி சாலையாகவும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய அறையை அப்படியே காட்டுகிறார்கள். இரட்டை அடுக்குக் கட்டில், தையல் மிஷின், மண்ணெண்ணெய் அடுப்பு. என் விடுதி அறையைவிட அது பெரியது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

பிறகு 1972-ல் மாக்லெகோஸ் என்ற கவர்னர், 10 ஆண்டில் 18 லட்சம் பேருக்கு வீடு கட்டித் தருவோம் என்று திட்டம் போட்டார். சொன்ன காலத்தில் முடியவில்லை. ஆனாலும் புதுப் புது ஊர்களே எழுந்தன. இன்று ஹாங்காங்கின் ஜனத்தொகை சுமார் 75 லட்சம். அதில் பத்தில் மூன்று பேர் சர்க்கார் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பணக்கார ஊர், வியாபாரிகளின் ஊர் என்று நாம் நினைக்கும் இடத்தில் இது நடந்திருக்கிறது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

போகும் வழியில் பழுது பார்க்கும் உயரமான கட்டிடங்களைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். நம் ஊரில் இரண்டு மாடிக்குக் கட்டுகிற மாதிரி அவர்கள் வானம் வரை கட்டுகிறார்கள். முன்பு என்றால் இதை வியந்து எழுதியிருப்பேன். 2025-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி டை போ என்ற இடத்தில், பழுது வேலை நடந்த அடுக்கு மாடிக் குடியிருப்பில் தீப் பிடித்து 150 பேருக்கும் மேல் இறந்து போனார்கள். சாரத்தைச் சுற்றிய வலையும், ஜன்னலை மூடிய நுரை அட்டையும் தீயைப் பரப்பின என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாரத்தை வெறும் வியப்போடு பார்க்க முடியவில்லை.

பெட்டி என்றால் இதுதான்

ஷாம் சுய் போ என்பது அடுத்த பகுதி. பழைய கட்டிடங்கள். லிப்ட் கிடையாது. 5 மாடி ஏறினோம். காக்கா மூச்சு வாங்க நின்று நின்று ஏறினார்.

ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு நடை. ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்துப் பல துண்டாக ஆக்கியிருக்கிறார்கள். நடையின் இரு பக்கமும் ரயில் பெட்டியில் படுக்கை இருப்பது போல மேலும் கீழுமாகப் பலகைப் பெட்டிகள். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 3 அடி அகலம் இருக்கும். முன்னால் தள்ளுகிற கதவு. உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. இதற்கு அந்த ஊர்ப் பத்திரிகைகள் வைத்திருக்கும் பெயர் "சவப்பெட்டி வீடு". முன்பு கம்பி வலை அடித்து வைத்திருந்தார்களாம். அது "கூண்டு வீடு".

காக்காவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கீழ்ப் பெட்டியில் இருந்தார். ஓட்டலில் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் சின்ன டெலிவிஷன், காற்றாடி, சோறு வடிக்கும் மின்சாரப் பானை, தலைமாட்டில் மருந்துப் பை. ஆணியில் ஒரு கோட்டு. கோட்டு மட்டும் நல்ல துணி.

நான் பரிதாபமாகப் பார்த்திருக்க வேண்டும். அவர் காக்காவிடம் சீன மொழியில் ஏதோ கேட்டார்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

"உங்க வீட்ல உங்க அறை எத்தனை அடின்னு கேக்கறாரு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அளந்து பார்த்தது கிடையாது. அளக்க வேண்டிய அவசியம் வந்தது கிடையாது.

அந்தப் பெரியவர் பேரில் சர்க்கார் வீட்டுக்கு மனு இருக்கிறது. வரிசையில் காத்திருக்கிறார். சர்க்கார் வீடு கேட்டு மனுப் போடும் குடும்பங்கள் சராசரி 5 ஆண்டு காத்திருப்பது அங்கே சகஜமாகி விட்டது. வயது முதிராத தனி ஆள் என்றால் இன்னும் தள்ளிப் போகும்.

2021-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, இப்படி வீட்டைத் தடுத்துத் துண்டாக்கிய குடியிருப்புகள் 1 லட்சத்து 8 ஆயிரம் இருந்தன. அவற்றில் 2 லட்சத்து 15 ஆயிரம் பேர் வசித்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. கட்டிலின் மேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிற குழந்தைகள். இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. சதுர அடிக் கணக்குப் பார்த்தால் இந்தத் துண்டு வீட்டின் வாடகை நல்ல வீட்டு வாடகையைவிட அதிகமாகவே வருகிறது!

இடம் இல்லையா?

"என்ன செய்வது? சின்ன ஊர். இடம் இல்லை" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நானும் நம்பினேன். கணக்கைப் பார்த்த பிறகு நம்பிக்கை போய்விட்டது.

ஹாங்காங்கின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் வீடும் ரோடும் கட்டிடமும் உள்ள இடம் கால் பங்குதான். சுமார் 40 சதவீதம் காடும் மலையுமாகப் பாதுகாத்து வைத்த பூங்கா.

அந்தப் பூங்காவை வெட்டச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான ஏழைகள் அங்கேதான் காலாற நடக்கிறார்கள். பெட்டியில் படுக்கிறவனுக்கு மூச்சு விட அது ஒன்றுதான் உண்டு. அதையும் பறித்தால் பாவம். ஆனால் மீதி இடம்? பான்லிங் என்ற இடத்தில் ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. அதன் பரப்பு 172 ஹெக்டேராக இருந்தது. அதில் 32 ஹெக்டேரை 2023-ல் சர்க்கார் திரும்ப எடுத்து, ஒரு பகுதியில் 12 ஆயிரம் வீடு கட்டப் போவதாகச் சொன்னது. வழக்கு வந்தது. 2024 டிசம்பரில் சுற்றுச்சூழல் அறிக்கை செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கவுலூன் கோட்டை நகர் என்று ஒரு இடம் இருந்தது. யாருடைய ஆட்சி என்றே தெளிவில்லாத இடம். பரப்பு 2.6 ஹெக்டேர். அதில் 33 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள்! வெயில் விழாத சந்துகள். 1993, 94-ல் இடித்துப் பூங்கா ஆக்கினார்கள். 33 ஆயிரம் பேருக்கு 2.6 ஹெக்டேர்; பந்து அடிக்க 172 ஹெக்டேர். இடம் இல்லை என்ற பேச்சு இதற்கு முன்னால் நிற்குமா?

நிலம் யாருடையது என்பதுதான் விஷயம். ஹாங்காங்கில் நிலம் எல்லாம் சர்க்காருடையது. செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கும் இடம் ஒன்றுதான் விலக்கு. மற்றவர்கள் எல்லோரும் குத்தகைதாரர்கள். சர்க்கார் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏலம் விடும். பெரிய கம்பெனிகள் கோடிக் கோடியாகக் கொட்டி எடுக்கும். அந்தப் பணம் கஜானாவுக்குப் போகும். பல ஆண்டுகள் கஜானா நிரம்பியதில் பெரும் பங்கு இந்த நிலப் பணம்.

அதனால்தான் அங்கே வரி குறைவு. சம்பளத்தில் எவ்வளவு பெரிய சம்பளமானாலும் உச்சப் படி 17 சதவீதம்தான். விற்பனை வரியே கிடையாது. "வரி இல்லாத ஊர்!" என்று நம் வியாபாரிகளும் புகழ்வார்கள். வரி இல்லாமல் எந்த ஊரும் ஓடாது. அதை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஷாம் சுய் போ பெரியவர் மாதா மாதம் தம் பெட்டிக்கு வாடகையாகக் கொடுக்கிறார்.

படகையும் டிராமையும் மலையையும் ஏழைக்கும் எட்டும்படி வைத்தது இந்த ஊர்தான். படுக்கிற இடத்தை ஏலத்தில் விட்டதும் இதே ஊர்தான். முதலாவதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதைச் செய்யத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

2025-ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். துண்டு வீடு குறைந்தது 8 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஜன்னலும் தனிக் கழிப்பிடமும் வேண்டும் என்று. 8 சதுர மீட்டர் என்றால் 86 சதுர அடி. நல்ல சட்டம்தான். ஆனால் 60 சதுர அடியில் இருப்பவர்களை வெளியேற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்? வாடகை ஏறினால் யார் கொடுப்பது? வீட்டைக் கட்டி வைத்துவிட்டுச் சட்டத்தைப் போட்டிருந்தால் பயம் இல்லாமல் இருந்திருக்கும். அதுவும் போக, ஷாம் சுய் போ பெரியவரின் படுக்கைப் பெட்டிக்கு இந்தச் சட்டமே வராதாம். படுக்கை இடத்துக்கு வேறு சட்டம்!

ஞாயிற்றுக்கிழமை

கிளம்புவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. வங்கிகள் நிறைந்த சென்ட்ரல் பகுதிக்குப் போனேன். மற்ற நாட்களில் கோட்டுப் போட்ட கனவான்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிற இடம்.

அன்று ஒரு கனவானைக் காணோம். எங்கு பார்த்தாலும் பெண்கள். ஆயிரக்கணக்கான பெண்கள்! சேட்டர் ரோட்டில் ஞாயிறு தோறும் மோட்டார் வண்டியை நிறுத்தி விடுகிறார்கள். ரோடு முழுவதும் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் பெரிய கட்டிடம் இருக்கிறது. கீழ்த்தளம் திறந்த மண்டபம் போல இருக்கும். அங்கேயும் அட்டை விரிப்பு.

இவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளில் இருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள். அந்த ஊரில் இப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது சட்டம். ஓய்வு நாளில் போவதற்கு அவர்களுக்கு வீடு கிடையாது. அதனால் ரோட்டில் உட்காருகிறார்கள்.

ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னுகிறாள். ஒரு கூட்டம் சோறும் மீனும் வைத்துச் சாப்பிடுகிறது. ஒரு பக்கம் பாட்டு, நடனம். ஒருத்தி செல்போனில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். பிள்ளை தூங்கிவிட்டது. அவள் போனை வைக்கவில்லை.

இவர்கள் எங்கே படுக்கிறார்கள்? அம்மாவின் கேள்வி அப்போதே என் மனத்தில் இருந்திருந்தால் அவர்களிடமே கேட்டிருப்பேன். எஜமானர் வீட்டில்தான் படுக்க வேண்டும். 2003-ல் இருந்து அது கட்டாயம். வெளியே அறை எடுக்கக் கூடாது. எஜமானர் வீடே 400, 500 சதுர அடி என்றால் இவளுக்கு எங்கே இடம்? குழந்தை அறையில் ஒரு மூலை. இல்லாவிட்டால் சாமான் அறை. அதுவும் இல்லாவிட்டால் நடுக்கூடம், எல்லோரும் படுத்த பிறகு.

2025-ம் ஆண்டு இறுதியில் இவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,100 ஹாங்காங் டாலர். நம் பணத்தில் 56 ஆயிரம் ரூபாய்க்கு மேல். "அடேயப்பா!" என்று சொல்லத் தோன்றும். அதே ஆண்டு மற்றத் தொழிலாளிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 42 டாலர் 10 சென்ட் என்று சட்டம் இருந்தது. வீட்டோடு இருக்கும் வேலைக்காரிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த விகிதத்தில் பார்த்தால் 5,100 டாலர் 121 மணி நேர வேலைக்குத்தான் காணும். இவர்கள் அத்தனை மணியை 12 நாளில் முடித்து விடுவார்கள்.

"தங்க இடம் கொடுக்கிறோமே, சாப்பாடு கொடுக்கிறோமே" என்று எஜமானர்கள் சொல்கிறார்கள். இடம் என்ற அந்த வார்த்தையைத்தான் நான் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பெண்கள் குழந்தையைப் பார்த்துக் கொள்வதால்தான் அந்த ஊர்த் தாய்மார்கள் ஆபீசுக்குப் போக முடிகிறது. நான் அசந்து போன நகரும் படிக்கட்டு காலை 6 மணிக்கு இறங்கத் தொடங்குகிறதே, அதற்கு முன்பே எழுந்து டிபன் செய்து வைப்பவள் இவள்தான்.

மாலை இருட்டியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இரவு 8, 9 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது பல வீடுகளில் கட்டளையாம். பாத்திரங்களைப் பைக்குள் வைத்தார்கள். குப்பையைப் பொறுக்கினார்கள். அட்டைகளை மடித்து ஓர் ஓரமாக அடுக்கினார்கள்.

தள்ளுவண்டியோடு ஒரு சீனக் கிழவி வந்தாள். 80 வயதுக்குக் குறையாது. முதுகு கூன். அந்த ஊரில் அட்டை பொறுக்கி எடைக்குப் போட்டுப் பிழைக்கும் கிழவிகள் நிறையப் பேர். கிலோவுக்கு ஒரு டாலர்கூடத் தேறாது.

தலை பின்னிக் கொண்டிருந்த பெண் ஓடிப் போய் அட்டைக் கட்டைத் தூக்கி வண்டியில் வைத்தாள். கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தியின் பாஷை மற்றவளுக்குத் தெரியாது போலும்.

கிழவி வண்டியைத் தள்ளிக்கொண்டு டிராம் பாதையைத் தாண்டினாள். அவளுக்காக டிராம்காரன் டிங் டிங் என்று மணி அடித்து நிறுத்தினான். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலைக்குப் போகும் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அம்மா என்னையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இந்நேரம் எங்கே படுத்திருக்குமோ!" என்றார்.